முதலில் சேஸிஸைத் தட்டுங்கள்

கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) தோட்டங்களில் துரைமார் ஓட்டிய பழைய டீசல் லேண்ட்ரோவரைப் புதுப்பிக்க நினைக்கும் தம்பிகளே, முதலில் என்ஜினைத் தொடாதீர்கள். 1971 முதல் 1985 வரை வந்த மூன்றாம் சீரிஸின் உடல் தகடுகள் அலுமினியக் கலவை; துருப்பிடிக்காது. தாங்கும் சேஸிஸோ எஃகு. கடற்காற்றும் செம்பனைக்காட்டுச் சேறும் அதை உள்ளிருந்தே அரித்துவிடும். சுத்தியலால் தட்டுங்கள், ஓசை மந்தமாக வந்தால் அந்த இடத்தை வெட்டி வெல்டிங் செய்தாக வேண்டும். 2,286 சிசி டீசல் என்ஜின் எளிமையானது. கிளம்ப மறுத்தால் பெரும்பாலும் டீசல் குழாயில் புகுந்த காற்றே காரணம். அதை வெளியேற்றும் நுணுக்கம் தோட்டப் பட்டறைகளில் உழைத்த நம் பெரியவர்களுக்குக் கைவந்தது. உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும், அந்தக் கைத்திறன் கிடைக்காது. வண்டி பார்க்கப் போகும்போது அவர்களில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.