பீரோவுக்குள் போன காமிரா

தையலோ, கோலமோ, பாட்டோ, பொழுதுபோக்கென்று ஒன்றைக் கையில் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வது புரியும். ஆசை ஆசையாகச் செய்துகொண்டிருந்தது ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அலுத்துப்போய்விடும். எனக்கு அப்படி அலுத்துப்போனது காமிரா.

'அலுத்தால் அலுக்கட்டுமே, வீட்டில் அடுப்பா அணைந்துபோச்சு?' என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் டி.வி.யிலிருந்து தலையணை வரை எல்லாம் எல்லோருக்கும் பொது. எனக்கே எனக்கென்று இருந்தது இது ஒன்றுதான். பெண் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. அவளுக்குப் பல் விழுந்தது, மழையில் நனைந்துகொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது, ஐப்பசியில் மாயவரம் காவிரித் துறைக் கூட்டம்... எத்தனை படங்கள்! அவள் ஹாஸ்டலுக்குப் போனாள். அதற்கப்புறம் காமிராவை எடுத்தாலே ஒரு சோர்வு. முருங்கைமரத்து அணிலா? எடுத்தாச்சு. மார்கழிக் கோலமா? அதுவும் எடுத்தாச்சு. ஒன்றரை வருஷம் பட்டுப்புடவைகளோடு பீரோவில் கிடந்தது.

"புதுசா ஒரு லென்ஸ் வாங்கிக்கோயேன்" என்றார் இவர். நல்ல மனசுதான். ஆனால் பசியில்லாதவளுக்குப் புதுத் தட்டு வாங்கிக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

லைப்ரரிப் புத்தகம் ஒன்றில்தான் ஜூலியா மார்கரெட் காமரனைப் பற்றிப் படித்தேன். (காமிராவுக்கே இவர் பெயரைத்தான் வைத்தார்களோ என்று நினைத்துவிடாதீர்கள்!) 1815-ல் கல்கத்தாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண்மணி. இங்கிலாந்தில் குடும்பம் நடத்தியவர். 1863-ல், 48 வயதில், பெண்ணும் மாப்பிள்ளையும் பொழுதுபோகட்டுமென்று ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். நிலக்கரி போட்டு வைக்கும் இடத்தை இருட்டறையாக்கினார். கோழிக்கூண்டு ஸ்டூடியோ ஆயிற்று. கோழிகளை என்ன செய்தாரோ!

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு விஷயம். வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியர், உடன்பிறந்தவள் மகள் ஜூலியா ஜாக்ஸன் என்று, கண்ணெதிரே இருந்த அதே முகங்களையே திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார். 'எடுத்தாச்சே' என்கிற பேச்சே அவரிடம் இல்லை. 1875-ல் கணவரோடு இலங்கைக்குப் போன பிறகு படங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. கெமிக்கலும் சுத்தமான தண்ணீரும் கிடைப்பதே அங்கே கஷ்டமாம். 1879-ல் அங்கேயே காலமானார்.

எனக்குத் தண்ணீரும் வேண்டாம், கெமிக்கலும் வேண்டாம். சமையலறை கிழக்கு ஜன்னலோரம் மாமியார் தினமும் கீரை ஆய உட்காருவார். அவரையே எடுப்பதென்று வைத்துக்கொண்டேன். நாளைக்கு ஒரே படம். யாருக்கும் அனுப்புவதில்லை, அழிப்பதுமில்லை. வெயில் முகத்தில் சுள்ளென்று அடித்தால், பழைய வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டிவிடுவேன். பால் வடிகிற மாதிரி வெளிச்சம் இறங்கும். கைக்குழந்தையைப் படம் எடுக்கிறவர்கள் இதைச் செய்து பாருங்கள், ஃப்ளாஷே வேண்டாம்.

"ஏம்மா, தினமும் இந்தக் கிழவியவா?" என்றார் மாமியார். முதல் மூன்று வாரம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. படங்களும் சுமார்தான். பிறகு மெதுவாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. ஆடியில் மேடையின் தெற்கு மூலையில் விழுந்த வெயில், மார்கழிக்குள் வடக்கே நகர்ந்து அவர் மடிக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷம் அங்கே நின்று சமைக்கிறேன், தெரியாது. முருங்கைக்கீரை என்றால் உருவுகிற கை வேறு, அரைக்கீரை என்றால் கிள்ளுகிற கை வேறு.

இன்னும் சில நாள் மனசு வருவதில்லை. அன்றைக்கு விட்டுவிடுகிறேன். காவிரிப் பக்கம் காமிராவோடு போகும் உற்சாகம் திரும்பவில்லை. வரும்போது வரட்டும்.

உங்கள் காமிராவும் பீரோவில் இருந்தால், முதலில் பாட்டரியைக் கழற்றி வையுங்கள். மழைக்காலத்து ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். புதுச் செருப்புப் பெட்டிகளில் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, கூடவே காமிராவையும் வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், மாவுத்தூசி உள்ளே போய்விடும்.