துளை சின்னது, சரி. ரத்தம்?

ஒரகடம் பக்கம் போனா கண்ணுல படுற ஆஸ்பத்திரி தட்டி எல்லாம் ஒரே பல்லவிதான். சிறுநீரகக் கல்லா? தழும்பில்லை, ரத்தமில்லை, ரெண்டே நாள்ல வீடு!

தழும்பை விடுங்க மக்களே. ரத்தம் இல்லையாம்! இதயம் தள்ளுற ரத்தத்துல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு, நிமிஷத்துக்கு 1 லிட்டர் கணக்குல, ரெண்டு சிறுநீரகத்துக்கும் போகுது. அதுக்குள்ள முதுகு வழியா ஊசி குத்தி, பாதையை விரிச்சு, கல்லை உடைச்சு எடுக்குறதுதான் பிசிஎன்எல். 1976-ல ஸ்வீடன்காரங்க ஃபெர்ன்ஸ்ட்ராமும் யோஹான்சனும் எழுதி வெச்ச முறை. வயித்தைக் கிழிக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலை, அதுல எனக்கு சண்டையே இல்லை. பெரிய ரத்தக்குழாய் ஓடாத இடமாப் பார்த்துக் குத்துறதுலதான் டாக்டரோட கைத்திறமை. மீறி ரத்தம் வந்து பார்வையை மறைச்சா, நிறுத்திட்டு ஒரு குழாயை வெச்சு அடைச்சுடுவாங்க. சிரை ரத்தம்னா உள்ளேயே உறைஞ்சு பெரும்பாலும் நின்னுடும். கல்லு எங்கே ஓடிடப் போகுது, அப்புறம் எடுத்துக்கலாம் :-)

என் கோபம் வேற. தமனியில விழுற சின்னக் காயம் அன்னைக்கே தெரியணும்னு இல்லை. மெல்ல பலூன் மாதிரி உப்பி, ஒரு வாரம் ரெண்டு வாரம் கழிச்சுக்கூட உடையும். நூத்துல ஒருத்தருக்கு வரலாம். அப்போ தொடை வழியா கதீட்டர் விட்டு அந்தக் கிளையை மட்டும் அடைக்கணும். எம்பொலைசேஷன்னு பேரு. அதுக்கு ஆஞ்சியோ மெஷினும் தெரிஞ்ச ஆளும் ராத்திரி 2 மணிக்கும் வேணும். தட்டி வெச்சவங்ககிட்ட இருக்கா? ஆபரேஷனுக்குக் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கேளுங்க. ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்க அதையும் முன்னாடியே சொல்லிடுங்க.

எங்க லைன்ல ஒரு காண்ட்ராக்ட் தம்பி, அஞ்சாம் நாளே ஷிப்டுக்கு வந்துட்டான். "கீஹோல்தானேப்பா"ன்னு சூப்பர்வைசர். டிஸ்சார்ஜ் சீட்டுல 'ஓய்வு'ன்னு ஒத்தை வார்த்தை, எத்தனை நாள்னு இல்லை. பத்தாம் நாள் சிறுநீர்ல கட்டி கட்டியா ரத்தம். ஆம்புலன்ஸ்ல சென்னைக்குக் கொண்டுபோய் அடைச்சாங்க, பிழைச்சான்.

கல்லு எங்கிருந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டாங்களா? சூட்டுல வேர்த்துக் கொட்டுற ஸ்டீல் ஆலைத் தொழிலாளர்களுக்குக் கல் அபாயம் கூடுதுன்னு போரூர் ராமச்சந்திரா ஆய்வாளர்கள் 2020-லயே எழுதிட்டாங்க. பாத்ரூம் போக ஆள் மாத்தணுமேன்னு தண்ணியே குடிக்காத லைன்ல வேறென்ன விளையும்?

லீவு போட்டா சம்பளம் போயிடும்னுதான் தம்பி ஓடி வந்தான். 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம்னா காண்ட்ராக்ட் ஆளுக்கும் ஈஎஸ்ஐ உண்டு. சந்தா நாள் கணக்கு சரியா இருந்தா, டாக்டர் சர்டிபிகேட்டோட வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீத சம்பளம் கிடைக்கும். மாசாமாசம் சந்தா பிடிச்ச காண்ட்ராக்டர் இதை மட்டும் அவன்கிட்ட சொல்லவே இல்லை.