மூட்டு வலிப் பொடிக்கு நம்ம கோயில் வாசல்ல ஏன் இடம் கொடுக்கல?

 

திருவிழா வேலை ஆரம்பிச்ச நேரத்துல ஒருத்தர் எங்ககிட்ட வந்தார். பத்து நாளும் கோயில் வாசலில் மேசை போட்டு மூட்டு வலிப் பொடி விற்கணும், அதுக்குப் பதிலா ஒரு நாள் அன்னதான உபயத்தை முழுசா ஏத்துக்கிறேன்னு சொன்னார். நாங்க வேண்டாம்னு சொல்லிட்டோம். அதுல இருந்து ஒரே கேள்வி. "நாட்டு மருந்துதானே, நல்லதுதானே? உபயம் வேற தர்றாரு. எதுக்கு விரட்டுனீங்க?" கேட்டவங்க யாரும் கெட்ட எண்ணத்துல கேட்கல. பாதிப் பேருக்கு முழங்கால் வலி. அதனால விவரமாவே எழுதுறோம். நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு. நாங்க வீட்டு வைத்தியத்துக்கு எதிரி இல்லை. எங்க அடுக்களையில மஞ்சள், மிளகு, சுக்கு, ஓமம் இல்லாத நாளே கிடையாது. கோயில் வேலியில முடக்கத்தான் கொடி படர்ந்து கிடக்கு, அதை வெட்டிப் போட நாங்க விடறதும் இல்லை. நம்ம பெரியவங்க எஸ்டேட்டுல விடியக் காத்தால எழுந்து பால்மரம் வெட்டி, வெளிக்காட்டு வேலை பார்த்து, தேய்ச்ச முழங்கால் அது. அந்த வலிக்கு அவங்க கையில இருந்தது தைலமும் ஒத்தடமும் கீரையும்தான். அதை இளப்பமா பேச யாருக்கும் தகுதி இல்லை.

ஆனா பாட்டி செஞ்சதுக்கும் அந்தப் பொட்டலத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. பாட்டி என்ன போட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா கேட்டா, இலையைப் பறிச்சுக் கையில கொடுத்து அரைக்கிற பக்குவத்தையும் சொல்லுவாங்க. பொட்டலத்துல என்ன இருக்குன்னு கேட்டா "அது எங்க பரம்பரை ரகசியம்"னு பதில் வருது. எங்களுக்குப் பயமே அந்த ரகசியம்தான்.

அந்த ரகசியம் என்னவா இருக்கலாம்னு நம்ம அரசாங்கமே பல தடவை சோதிச்சுச் சொல்லியிருக்கு. பாரம்பரிய மருந்துன்னு விற்ற மூட்டு வலிப் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மறைச்சுக் கலந்திருந்ததை என்.பி.ஆர்.ஏ. என்ற தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு முகமை கண்டுபிடிச்சு எச்சரிச்சிருக்கு. சிங்கப்பூரிலும் சுகாதார அறிவியல் ஆணையம் இதே மாதிரி எச்சரிக்கை திரும்பத் திரும்ப விட்டிருக்கு. டெக்ஸாமெத்தசோன் டாக்டர் கொடுக்கிற மருந்துதான், உயிரைக் காப்பாத்துற மருந்துதான். அளவு தெரியாம, யார் கண்காணிப்பும் இல்லாம மாசக்கணக்கா உள்ளே போறதுதான் ஆபத்து.

அது எப்படி வேலை செய்யும்னு கேளுங்க. ரெண்டு மூணு நாளில் வலி பறந்துடும். பசி நல்லா எடுக்கும். "பொடி பிரமாதம்"னு நாமே நாலு பேருக்குச் சொல்லுவோம். கொஞ்ச மாசத்துல முகம் உப்பி வட்டமாகும். பார்க்கிறவங்க "நல்லா தேறிட்டீங்களே"ன்னு சொல்லுவாங்க. உள்ளே சீனி ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு மெலியும், லேசா இடிச்சாலே தோல் கருநீலமா கன்றிப் போகும். நம்ம சனங்களில் எத்தனை பேருக்கு ஏற்கெனவே இனிப்பு நீர் இருக்குன்னு நாங்க சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், இதைக் கவனமா படிங்க. இப்படி ஒரு பொடியை ரொம்ப நாளா சாப்பிட்டுக்கிட்டு இருந்தா, இந்தப் பதிவைப் பார்த்துட்டுத் திடீர்னு நிறுத்திடாதீங்க. வெளியே இருந்து ஸ்டீராய்டு வந்துக்கிட்டே இருந்தா, உடம்பு தானா சுரக்கிறதைக் குறைச்சுடும். சட்டுனு நிறுத்தினா மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குறதுன்னு உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோட உடனே டாக்டரைப் பாருங்க. திட்டுவாங்களோன்னு கூச்சப்பட வேண்டாம். அரசாங்க கிளினிக்குல ஒரு வெள்ளிதான்.

சரி, நல்ல நாட்டு மருந்தை எப்படி அடையாளம் தெரிஞ்சுக்கிறது? இந்த நாட்டுல பாரம்பரிய மருந்தா விற்கிற மாத்திரை, பொடி, தைலம் எல்லாம் பதிவு பண்ணியிருக்கணும். பெட்டியில எம்.ஏ.எல். என்ற மூணு ஆங்கில எழுத்து, அடுத்து எட்டு இலக்க எண், கடைசியில டி என்ற எழுத்து இருக்கும். அந்த எண்ணை என்.பி.ஆர்.ஏ. இணையதளத்துல போட்டுப் பாருங்க, பேரும் எண்ணும் பொருந்துதான்னு தெரியும். போலி எண் ஒட்டி விற்கிறவங்களும் இருக்காங்க, அதனால தேடிப் பார்க்கிறது முக்கியம். எங்ககிட்ட வந்தவர்கிட்ட இந்த எண்ணைத்தான் கேட்டோம். கடைசி வரைக்கும் அவர் காட்டல. உபயம் பெரிசுதான், ஆனா அதை வாங்கிக்கிட்டு நம்ம அம்மாமாருங்க முழங்காலை அடகு வைக்க எங்களுக்கு மனசு வரல.

அப்போ வீட்டுல என்னதான் செய்யலாம்? அதையும் சொல்றோம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, வந்திருக்கிறது எந்த வலின்னு தெரியணும். "மூட்டு வலி"ன்னு ஒரே பேரு சொன்னாலும் நம்ம பக்கத்துல அதிகமா பார்க்கிறது மூணு வகை. வயசானதாலும் உழைப்பாலும் எடையாலும் வர்ற தேய்மானம் ஒண்ணு. உடம்போட எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குற முடக்கு வாதம் இன்னொண்ணு. இதுல ரெண்டு கையிலயும் சின்ன விரல் மூட்டெல்லாம் வீங்கும், காலையில எழுந்தா ஒரு மணி நேரம் கூட விரலை மடக்க முடியாது. மூணாவது யூரிக் அமிலம். ராத்திரியில திடீர்னு கால் பெருவிரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகும். பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கேட்ட வைத்தியம் உங்களுக்குக் கேட்காம போறதுக்கு இதுவும் ஒரு காரணம். முடக்கு வாதத்துக்கு சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா விரல் கோணாம காப்பாத்தலாம். கீரையை மட்டும் நம்பி ரெண்டு வருஷம் ஓட்டினா, கோணின விரல் திரும்ப நேராகாது.

இனி அடுக்களைக்கு வருவோம்.

முடக்கத்தான்: ரெண்டு டம்ளர் தோசை மாவுக்கு ஒரு கைப்பிடி இலையை அரைச்சுக் கலந்தா போதும், கசப்பு அவ்வளவாத் தெரியாது. ரசத்துலயும் போடலாம். சித்த வைத்தியத்துல காலங்காலமா பயன்படுற கீரை. சாப்பாடா சாப்பிடுங்க. டாக்டர் கொடுத்த மாத்திரைக்குப் பதிலா எடுத்துக்காதீங்க.

மஞ்சள்: இதுல இருக்கிற குர்குமின் தேய்மான வலியைக் கொஞ்சம் குறைக்கிறதா ஆய்வுகள் காட்டுது. ஆனா மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய நூத்துக்கு மூணு பங்குதான். ஒரு தேக்கரண்டி தூளில் 100 மில்லிகிராம் கூட தேறாது. ஆய்வுகளில் கொடுத்தது பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு. அதனால மஞ்சள் பால் குடிங்க, ஒரு சிட்டிகை மிளகுத்தூள் சேருங்க, மிளகு இருந்தா உடம்பு அதை நல்லா ஏத்துக்கும். அதுவே முழு வைத்தியம்னு நினைச்சுக்காதீங்க. மாத்திரையா வர்ற குர்குமினை, ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடுறவங்க டாக்டரைக் கேட்காம தொட வேண்டாம்.

மீன்: கெம்போங், மத்தி மாதிரி எண்ணெய்ச் சத்துள்ள மீன் முடக்கு வாதக்காரங்களுக்கு நல்லது. செவ்வாய், வெள்ளி, விரத நாள் போக மிச்ச நாளில் சாப்பிடலாம். யூரிக் அமிலம் இருக்கிறவங்க மட்டும் மத்தி, நெத்திலி, ஈரல், ஆட்டிறைச்சியைக் குறைச்சுக்கணும். பீரை விட்டுடணும்.

பருப்பு: "யூரிக் அமிலம் இருக்கு, அதனால பருப்பு, தக்காளி எல்லாம் விட்டுட்டேன்"னு சொல்றவங்க நம்ம பந்தியில நிறைய பேர். பருப்பும் கீரையும் இறைச்சி மாதிரி யூரிக் அமில நோயைக் கூட்டுறதில்லைன்னு ஆய்வுகள் சொல்லுது. பருப்பை விட்டுட்டு வெறும் சோறும் ரசமுமா சாப்பிட்டா தசை கரையும். முழங்காலைத் தாங்கிப் பிடிக்கிறதே தொடைத் தசைதான். சைவமா இருக்கிறவங்க பருப்பு, தௌஃபு, தெம்பே, தயிர் இதையெல்லாம் விடாதீங்க. சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க மட்டும் அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கணும். யூரிக் அமிலத்தை உண்மையிலேயே ஏத்துறதுல ஒண்ணு, நாம கவனிக்காத சீனித் தண்ணி: சிரப், டின் பானம், சீனி கொட்டின ஜூஸ்.

ஒத்தடம்: தேய்மான வலிக்கும் விறைப்புக்கும் உப்பு ஒத்தடம், நொச்சி இலை ஒத்தடம் சுகமா இருக்கும். சிவந்து சூடா வீங்கின மூட்டுக்குச் சூட்டு ஒத்தடம் வேண்டாம், துணியில சுத்தின ஐஸ் வைங்க. இனிப்பு நீரால கால் மரத்துப் போனவங்களுக்குச் சூடு தெரியாது. அவங்களுக்கு வேற ஒருத்தர் கையால தொட்டுப் பார்த்துட்டு வைக்கணும். மூட்டு வீங்கி காய்ச்சலும் சேர்ந்து அடிச்சா அன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

இதெல்லாத்தையும்விட தேய்மானத்துக்கு அதிகப் பலன் தர்றது ரெண்டு: எடையைக் குறைக்கிறதும் காலை அசைக்கிறதும். ஒரு கிலோ எடை குறைஞ்சா, ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல விழற பாரத்துல ஏறக்குறைய நாலு கிலோ குறையும். அஞ்சு கிலோ குறைச்சவர் பத்துமலை 272 படி ஏறினா, படிக்குப் படி எவ்வளவு பாரம் இறங்கியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. 2019-ல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்புப்படி, நாட்டுல வயது வந்தவங்களில் ரெண்டு பேருக்கு ஒருத்தர் அளவுக்கு மீறின எடை. இந்தியர்களில் அதைவிட அதிகம்.

"வலிக்குது, அதனால நடக்கல"ன்னு உட்கார்ந்துட்டா தசை இன்னும் தளரும், வலி இன்னும் கூடும். நாற்காலியில உட்கார்ந்து ஒரு காலை நேரா நீட்டி, அஞ்சு எண்ணுற வரைக்கும் பிடிச்சு, மெதுவா இறக்குங்க. காலுக்குப் பத்து தடவை, காலையும் மாலையும். பூசை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வெளிப்பிரகாரத்தை உங்க வேகத்துல சுத்தி வாங்க. முட்டி போட்டு விழுந்து கும்பிட முடியலைன்னு அழறவங்களைப் பார்த்திருக்கோம். நின்னு கை கூப்பினாலே போதும்மா, முருகன் மார்க் போடறதில்லை.

பக்தர்களுக்கு மட்டும் புத்தி சொல்லிட்டு அடுக்களை பழையபடி இருந்தா நியாயம் இல்லை. கோயில்ல நாம போடுற சாப்பாட்டுல பாதி வெள்ளைச் சோறு, கூட அப்பளம், வடை, பாயசம், குடிக்க சிவப்பு சிரப். அன்பாத்தான் போடறோம். ஆனா வலியோட வந்து தரையில உட்கார்ந்து எழ முடியாம தவிக்கிற பெரியவங்களுக்கு அந்த அன்பு எப்படிப் போய்ச் சேருதுன்னு யோசிக்கணும். அதனால நிர்வாகத்துக்கும் உபயக்காரர்களுக்கும் எங்க கோரிக்கை இது:

🔸 சிரப்புக்குப் பதில் நீர்மோரும் வெறும் தண்ணியும்.
🔸 பாயசம் பிரசாதமாச் சின்னக் கிண்ணத்துல, கேட்டவங்களுக்கு மட்டும்.
🔸 ஒவ்வொரு பந்தியிலும் ஒரு பருப்பும் ரெண்டு காய்கறியும். சோறு கொஞ்சமா வச்சு, கேட்டா மறுபடியும் போடறது.
🔸 வெள்ளிக்கிழமை முடக்கத்தான் ரசம். கீரை நாங்க பறிச்சுக்கிறோம்.
🔸 பெரியவங்களுக்கு மேசை நாற்காலி. அதைக் கடைசி மூலையில போடாம, பந்தியோட சேர்த்தே போடறது.
🔸 கோயில் வளாகத்துலயும் கோயில் வாட்சாப் குழுவிலயும் பதிவு எண் இல்லாத எந்த மருந்துக்கும் விளம்பரம் இல்லை.

"இனிப்பைக் குறைச்சா உபயக்காரங்க கோவிச்சுக்குவாங்க"ன்னு ஒரு பயம் இருக்கு. எங்களுக்கு அப்படித் தோணல. சாப்பிட்டுப் போறவங்க நல்லா இருக்கணும்னுதான் அவங்களும் உபயம் எடுக்கிறாங்க. எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க. சொல்ல வேண்டியது நம்ம வேலை.

உங்க வீட்டு அலமாரியில பேரு ஒட்டாத பொட்டலம் ஏதாவது இருந்தா இன்னிக்கே எடுத்துப் பாருங்க. அம்மா அப்பா தனியா இருந்தா ஃபோன் போட்டு "முட்டிக்கு என்ன சாப்பிடுறீங்க?"ன்னு கேளுங்க. அவங்க மறைப்பாங்க, திட்டாம ரெண்டாவது தடவையும் கேளுங்க. நாற்காலி உபயம் தர விரும்புறவங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுக்களைப் பக்கம் வந்து எங்களைப் பாருங்க.

வேலும் மயிலும் துணை 🙏
அன்னதானத் தொண்டர் குழு