கை ராசி இருக்கட்டும், முதலில் கீரை போடுங்கள்

“எனக்குச் செடியே வராது அம்மா, கை ராசி இல்லை” என்று எழுதும் சகோதரிகள் இதழுக்கு இதழ் கூடிக்கொண்டே போகிறார்கள். இந்த முறை ஒரு இளம் தாய் எழுதியிருக்கிறாள். ஆசை ஆசையாய் வாங்கி வைத்த ரோஜாச் செடி ஒரே மாதத்தில் பட்டுப் போயிற்றாம். “நீ வெச்ச செடி எங்கே பிழைக்கப் போகுது?” என்று வீட்டிலே பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டாராம். இனி செடிப் பக்கமே திரும்புவதில்லை என்று முடித்திருக்கிறாள்.

அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை. கடைகளில் பூத்துக் குலுங்குகிறதே ரோஜா, அது பெரும்பாலும் ஒட்டுச் செடி. நாற்றுப் பண்ணையில் நல்ல வெயிலில், வேளைக்கு உரம் கொடுத்து வளர்த்தது. அதைக் கொண்டுவந்து இரண்டு மணி நேரம்கூட வெயில் விழாத பால்கனியில் வைத்து, பாசத்தோடு காலையும் மாலையும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகாமல் என்ன செய்யும்? இதில் ராசிக்கு என்ன வேலை, சொல்லுங்கள்!

செடி வளர்க்கப் புதிதாக வருகிறவர்கள் ரோஜாவில் ஆரம்பிக்கக் கூடாது. கறிவேப்பிலையிலும் கூடாது, அது நாலு இலை விட்டு மாதக் கணக்கில் அப்படியே நிற்கும், பொறுமை போய்விடும். கீரையில் ஆரம்பியுங்கள். விதைத்த நாலைந்து நாளில் முளை தெரியும். ஒரு மாதத்துக்குள் குழம்புச் சட்டிக்கு வந்துவிடும். கெட்டாலும் நஷ்டம் ஒரு சிட்டிகை விதைதான். அதற்குள் உங்கள் வீட்டில் வெயில் எங்கே விழுகிறது, மண் எத்தனை நாளில் காய்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு விடுமுறை நாளில் காலையிலிருந்து மாலை வரை வெயில் எங்கெங்கே நகர்கிறது என்று பாருங்கள். நாலைந்து மணி நேரமாவது நேர் வெயில் படும் இடம் வேண்டும். அகலமான தொட்டியே கீரைக்கு ஏற்றது; அரை அடி ஆழம் தாராளம். பழைய பிளாஸ்டிக் டப், ஓட்டை பக்கெட் எதுவானாலும் சரி, அடியில் துவாரம் இல்லாமல் மட்டும் வைக்காதீர்கள். துவாரத்தின் மேல் ஒரு ஓட்டுச் சில்லைக் கவிழ்த்துவிட்டால் மண் வெளியே போகாது. செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு. பச்சைச் சாணத்தை அப்படியே கலக்காதீர்கள், அது மக்கும்போது சூடு கிளம்பி வேரைக் கெடுத்துவிடும். மொட்டை மாடியில் வைப்பவர்கள் தொட்டிக்கு அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி வையுங்கள். தளத்தில் ஈரம் தங்காது, வீட்டுக்காரரும் முகம் சுளிக்க மாட்டார்.

கீரை விதை கடுகைவிடச் சின்னது. கையால் தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி மணலோடு கலந்து தூவுங்கள். மேலே மண்ணை மெல்லிசாகத் தூவினால் போதும். ஆழமாகப் புதைந்த விதை முளைக்காது. செம்பால் மொண்டு ஊற்றினால் விதையெல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும். பூவாளி இல்லையென்றால் கையாலேயே தெளியுங்கள். எறும்பு விதையை இழுத்துப் போகாமலிருக்கத் தொட்டியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி நொய்யைப் போட்டு வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். எறும்பு அதைத் தூக்கிப் போவதில் மும்முரமாகிவிடும்!

தண்ணீர் விஷயத்தில்தான் முக்கால்வாசிப் பேர் செடியைக் கொல்கிறார்கள். ஒரு விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். தண்ணீர் குறைந்தாலும் இலை மஞ்சளாகும், கூடினாலும் மஞ்சளாகும். மஞ்சளைக் கண்டதும் பதறிப் போய் இன்னும் ஊற்றாமல், விரலைக் கேளுங்கள். அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர் தாராளமாக விடலாம். சோப்புத் தண்ணீர் கீரைக்கு வேண்டாம். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் தேங்கிய நீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கொட்டிவிடுங்கள். டெங்குக் கொசு இந்த மாதிரித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

பத்து நாளில் நெருக்கமாக வந்த நாற்றைக் களைந்துவிடுங்கள். களைந்ததும் கீரைதான், பருப்பில் போடலாம். முளைக்கீரை என்றால் இருபத்தைந்து நாள் வாக்கில் வேரோடு பிடுங்குவது. அரைக்கீரை என்றால் அடியில் இரண்டு அங்குலம் விட்டுக் கிள்ளுங்கள், திரும்பத் திரும்பத் துளிர்க்கும். இலைக்கடியில் பூச்சி ஒட்டியிருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அலம்புங்கள், விடாவிட்டால் வேப்பெண்ணெயில் துளி சோப்பு சேர்த்து நீரில் கலக்கித் தெளியுங்கள். கடையில் விற்கும் பூச்சி மருந்து, தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கூடவே கூடாது. அழகுக்காக டைஃபன்பேக்கியா வாங்கி வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதன் இலையைக் குழந்தை கடித்தால் வாயும் நாக்கும் வீங்கிவிடும். அரளி இன்னும் மோசம், செடி முழுவதுமே விஷம்.

இத்தனை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. கீரை மட்டுமே அதைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தவும் கூடாது. ஆனால் வாசலிலே கீரை இருந்தால் வாரத்தில் மூன்று நாளாவது தட்டில் விழும். கடையில் வாங்கினால் கட்டு வாடிவிட்டது, ஆய நேரமில்லை என்று ஏதாவது ஒரு சாக்கு வருகிறது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள், அதிலுள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அது தடைப்படும்.

கீரை அநேகமாக எல்லா மாதமும் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் நாற்று அழுகும். அப்போது தொட்டியை மழை அடிக்காத ஓரமாய் நகர்த்துங்கள். இரண்டு முறை கீரை எடுத்தபின் புதினாவுக்குப் போகலாம். கடையில் வாங்கிய கட்டிலிருந்து தடித்த தண்டு நாலைந்தை இலை ஆய்ந்தபின் தண்ணீரில் போட்டு வைத்தால் சில நாளில் வேர் விடும், அதை எடுத்து நடுங்கள். ரோஜா வேண்டுமென்கிற அந்தப் பெண்ணும் அதற்குப் பிறகு வாங்கட்டும். மிளகாய், கத்தரி நாற்று விடும் விதத்தை அடுத்த இதழில் எழுதுகிறேன்.