இயர்போன்: காசும் போச்சு, காதும் போச்சு!

செருப்பு வாங்கப் போனால் நாலு அடி நடந்து பார்க்கிறார்கள். சட்டை வாங்கினால் மேலே வைத்து அளவு பார்க்கிறார்கள். தர்பூசணியைக்கூட தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

ஆனால் காதுக்குள் செருகுகிற இயர்போனை மட்டும், அட்டைப் பெட்டியின் மேல் உள்ள படத்தைப் பார்த்து வாங்கி வந்துவிடுகிறார்கள்!

சென்னை ரிச்சி தெருவிலும், பர்மா பஜாரிலும் இந்த வியாபாரம் அமோகமாக நடக்கிறது. "பாஸ் சும்மா அதிரும் சார்!" என்கிறார் கடைக்காரர். "அதிருமா? அப்ப ஒண்ணு குடுங்க" என்று காசை நீட்டுகிறார் வாங்குகிறவர். காதில் ஒழுங்காக உட்காருமா, எத்தனை மாதம் உழைக்கும் என்ற பேச்சே அங்கு இல்லை.

கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

ரப்பரில் இருக்கிறது ரகசியம்

இயர்போன் முனையில் சின்னதாக ஒரு ரப்பர் குமிழ் இருக்கிறது. பெரும்பாலும் சிலிக்கானில் செய்தது. அது காதுத் துளையை இடைவெளி இல்லாமல் அடைத்தால்தான் தவில், டிரம் போன்ற கனத்த ஓசை முழுசாகக் கேட்கும். கொஞ்சம் சந்து விட்டாலும் அந்த ஓசை வெளியே கசிந்துவிடும். மிச்சம் இருப்பது தகர டப்பா சத்தம்தான். 2,000 ரூபாய் சாமானும் காதில் சரியாக உட்காராவிட்டால் 200 ரூபாய் சாமான் மாதிரிதான் பாடும்.

எல்லோர் காதும் ஒரே அளவு இல்லை. ஒரே ஆளின் வலது காதும் இடது காதும்கூட சிலருக்கு வேறுபடும். அதனால்தான் பல கம்பெனிகள் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் ரப்பர் வைத்துக் கொடுக்கின்றன. ஒரு ஜோடி ஏற்கனவே மாட்டி இருக்கும். மற்றவை பல வீடுகளில் பெட்டியோடு குப்பைக்குப் போகின்றன!

சோதித்துப் பார்ப்பது சுலபம். பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் லேசாக அழுத்த வேண்டும். கனத்த ஓசை சட்டென்று கூடினால், ரப்பர் சரியாக அடைக்கவில்லை என்று அர்த்தம். அடுத்த அளவை மாட்ட வேண்டும். காது வலித்தால் சின்ன அளவுக்கு மாற வேண்டும். அவ்வளவுதான்.

எழும்பூரில் முழுச் சத்தம்!

இது வெறும் பாட்டு ருசி பற்றிய விஷயம் இல்லை. தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரெயிலில் காலையில் ஏறுகிறவர்களுக்கு இது புரியும். சக்கரச் சத்தம் ஒரு பக்கம், ஆள் சத்தம் ஒரு பக்கம். ரப்பர் அடைக்காதபோது அத்தனையும் காதுக்குள் நுழைகிறது. பாட்டு கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுகிறார்கள். பல்லாவரத்தில் ஒரு புள்ளி, கிண்டியில் ஒரு புள்ளி, எழும்பூர் வந்தால் முழுச் சத்தம்!

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு சொல்கிறது. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். வேலைக்குப் போக, வர தினமும் 2 மணி நேரம் அப்படிக் கேட்கிறவருக்கு, அந்த வாரத்துக் கணக்கு செவ்வாய்க்கிழமை மாலையே தீர்ந்துவிடும்!

உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர் செல்கள் அழிந்தால் திரும்ப முளைப்பது இல்லை. இயர்போனைக் கழற்றிய பிறகும் காதில் 'ங்ஙொய்' என்று இரைச்சல் கேட்டால், அது எச்சரிக்கை மணி. அடிக்கடி கேட்டால் காது டாக்டரிடம் போக வேண்டும்.

ரப்பர் பொருந்தினால் வெளிச்சத்தம் குறையும். கம்மியாக வைத்தாலே பாட்டு தெளிவாகக் கேட்கும். அதே காரணத்தால் ரோட்டைக் கடக்கும்போதும், தண்டவாளத்தின் அருகேயும் அதைக் கழற்றிவிட வேண்டும். நன்றாக அடைக்கிற ரப்பர் ஹாரன் சத்தத்தையும் சேர்த்தே அடைக்கும்.

மூணு மாசத்தில் ஒரு பக்கம் ஊமை

அடுத்தது உழைப்பு. "வாங்கி மூணு மாசம்தான் ஆச்சு. ஒரு பக்கம் கேக்கல" என்ற புலம்பல் ஆபீசுக்கு ஆபீஸ் கேட்கிறது.

பெரும்பாலும் பழுது பாடுகிற பாகத்தில் இருப்பது இல்லை. போனில் செருகும் ஜாக்கின் கழுத்தில்தான் ஒயர் அறுகிறது. உள்ளே இருப்பவை தலைமுடி போன்ற செம்புக் கம்பிகள். சட்டைப் பையில் மடங்கி மடங்கி ஒவ்வொன்றாக அறுந்துபோகின்றன. ஒயரைப் பிடித்து இழுத்தாலும், போனைச் சுற்றி இறுக்கிக் கட்டினாலும் இதே கதிதான். ஜாக்கைப் பிடித்து எடுத்து, தளர்வாகச் சுருட்டி வைத்தால் ஆயுள் கூடும்.

வாங்கும்போதே கழுத்தைப் பார்க்க வேண்டும். வளைந்து கொடுக்கிற உறை இருந்தால் நல்லது. 150 ரூபாய் சாமானை வருஷத்துக்கு நாலு தடவை வாங்கினால் 600 ரூபாய். அதே 600 ரூபாயில் ஒன்றை வாங்கி 2 வருஷம் ஓட்டினால் பாதிக் காசு மிச்சம்!

ஒயர் இல்லாத 'பட்ஸ்' வாங்கினால் அறுகிற தொல்லை இல்லை. ஆனால் அதற்குள் குட்டி பேட்டரி இருக்கிறது. சார்ஜ் ஏற்றி ஏற்றி வருஷம் போகப்போக அதன் சக்தி குறையும். பெரும்பாலான மாடல்களில் பேட்டரியை மாற்றுவது லேசான காரியம் இல்லை.

கடைக்காரர்கள் கவனிக்க

"ஒருத்தர் காதில் போட்டதை அடுத்தவருக்கு எப்படி விற்கிறது?" என்று கடைக்காரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாடலுக்கு ஒன்றை சோதனைக்கென்றே வைக்கலாம். வருகிறவருக்குப் புது ரப்பர் மாட்டிக் கொடுக்கலாம். ரப்பரைத் தனியாகவும் விற்கலாம். ரப்பர் தொலைந்த ஒரே காரணத்துக்காக நல்ல இயர்போனை யாரும் தூக்கி எறிய வேண்டாமே!

பில் கேட்டால் முகம் சுளிக்கவும் கூடாது. பில் கொடுக்காமல் விற்பது, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். பில் இல்லாவிட்டால் வாரண்டி வெறும் வாய்ப்பேச்சுதான்.

"அதிருமா?" என்று கேட்டது போதும். "காதுக்குப் பொருந்துமா? பில் உண்டா?" என்று கேட்கட்டும். வாங்குகிறவர் வாயைத் திறந்தால், விற்கிறவர் தானாக வழிக்கு வருவார்!