பழைய வீட்டுச் சுவரில் தெர்மாகோல் ஒட்டலாமா? கடலோர வீடுகள் முதலில் கவனிக்க வேண்டியது என்ன?

ராத்திரி 10 மணிக்கும் படுக்கையறைச் சுவரைத் தொட்டால் சுடுதா? காரைக்கால் மாவட்டத்தில் புதுச்சேரி என்.ஐ.டி. அமைந்துள்ள திருவேட்டக்குடி போன்ற கடலோர ஊர்களில், பழைய செங்கல் வீடுகளில் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. 'உள்பக்கம் தெர்மாகோல் வைத்து போர்டு அடிச்சிட்டா கரண்ட் பில் குறையும்' என்று யாராவது சொன்னால், உடனே பணத்தை எடுத்துவிடாதீர்கள். ஏன்னு பார்ப்போம்.

சுவர் ஏன் ராத்திரியில் சுடுகிறது?

கனமான செங்கல் சுவர் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். அந்தச் சூடு உள்பக்கம் வந்து சேர பல மணி நேரம் ஆகும். சாயங்கால வெயில் வாங்கிய மேற்குச் சுவர், நாம் படுக்கப்போகும் நேரத்தில் அதைக் கக்குகிறது. தெர்மாகோல் வெப்பத்தைத் தடுக்கும் என்பதும் உண்மைதான். அதே தடிமனுள்ள கான்கிரீட், அதைவிட சுமார் 40 மடங்கு வெப்பத்தைக் கடத்தும்.

அப்புறம் என்ன சிக்கல்?

ஈரம்தான். குளிர் நாடுகளில் வீட்டுக்குள் இருக்கும் ஈரம் வெளியே போகப் பார்க்கும். நம்ம ஊரில், அதுவும் ஏசி ஓடும் அறையில், வெளியே உள்ள ஈரக்காற்று உள்ளே வரப் பார்க்கும். உள்பக்கம் காற்றுப் புகாத போர்டு அடித்தால், ஈரம் அதன் பின்னால் சிக்கிக்கொள்ளும். பூஞ்சை பிடிக்கும், பூச்சு உதிரும். ஏற்கெனவே ஓதம் அடித்து உப்பு பூத்த சுவர் என்றால் சேதம் கண்ணுக்கே தெரியாது. தெர்மாகோல் எளிதில் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, எங்கே தொடங்கணும்?

* முதலில் மொட்டை மாடி. காரைக்கால் சுமார் 11 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். சுவர்களைவிடக் கூரைக்குத்தான் அடி அதிகம். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு, செலவு குறைந்த முதல் படி.
* அடுத்து மேற்குச் சுவர். பந்தல், கீற்றுத் தட்டி, மரம் என வெளியிலிருந்தே நிழல் கொடுங்கள்.
* சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய வீடு என்றால், பூச்சு வேலையையும் சுண்ணாம்பிலேயே செய்யுங்கள். அது ஈரத்தை வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும்.
* இன்சுலேஷன் அவசியம் என்றால், ஓதத்தைச் சரிசெய்த பிறகு, சுவரின் வெளிப்பக்கம் போடுவதே நல்லது.

அரசு விதி ஏதாவது இருக்கா?

மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா', கூரை, சுவர் வழியாக வெப்பம் நுழைவதற்கு வரம்பு வைக்கிறது. ஆனால், அந்த வரம்புகள் புதிய குடியிருப்புகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பழைய வீட்டுக்காரர் தன் வீட்டைத் தானேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடலோரத்தில் வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடி வெயில் 37 டிகிரியைத் தொட்டாலே வெப்ப அலை என்கிறது வானிலைத் துறையின் அளவுகோல். புழுக்கத்தில் வியர்வை காயாது. முதியவர்களும் குழந்தைகளும்தான் முதலில் தவிப்பார்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து சுவர் நன்றாகக் காய்ந்ததும், கோடைக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.