நாள்தோறும் ஏற்றும் விளக்கு



கேலாங் ஈஸ்ட் அவென்யூ 2இல் உள்ள சிவன் கோவிலுக்குச் செல்லும்போதெல்லாம் அதன் பழைய முகவரி நினைவுக்கு வரும். ஆர்ச்சர்ட் சாலையில் நூறாண்டுகளுக்கும் மேலாக இருந்த கோவில் அது. தோபி காட் எம்ஆர்டி நிலையப் பணிக்காக 1983இல் அங்கிருந்து இடம்பெயர்ந்தது. அடுத்த பத்தாண்டுகள் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவில் வளாகமே சிவனுக்கு இடமளித்தது. கேலாங்கில் குடமுழுக்கு நடந்தது 1993இல்தான்.

அந்த இடைப்பட்ட பத்தாண்டுகளே என்னைச் சிந்திக்க வைக்கின்றன. சொந்தக் கட்டடம் இல்லை. ஆயினும் வழிபாடு நிற்கவில்லை. குடமுழுக்கு நாளை வரலாறு குறித்து வைக்கிறது. ஆனால் அந்நாள் வரை கோவிலைக் கோவிலாகக் காத்தது அன்றாடப் பூசையே என்பேன்.

தமிழாசிரியர் பணியும் அத்தகையதே. வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகளுக்கு லகர, ளகர, ழகர வேறுபாட்டை இன்றும் சொன்னேன், நாளையும் சொல்வேன். “இதனால் என்ன பயன்?” என்னும் சோர்வு எனக்கும் வந்ததுண்டு. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா மேடைகள் அச்சோர்வைத் தீர்க்கவில்லை. ஒருநாள், பின்வரிசைச் சிறுமி ஒருத்தி நான் திருத்துமுன்பே ‘பழம்’ என்று சரியாகச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அச்சிரிப்பு தீர்த்தது.

வாழ்வின் பொருளும் இறைநம்பிக்கையும் திருநாள்களில் மட்டும் கிடைப்பவை அல்ல. எவரும் பாராத நாளிலும் விளக்கேற்றும் கைகளில்தான் அவை வாழ்கின்றன. நாளைக் காலை முதல் பாடவேளை எனக்கு அத்தகைய விளக்கு. உங்களுக்கு எது?